தூய இனக் கோழியா, கொல்லைக் கலப்பா: பார்த்துச் சொல்ல முடிவது எதுவரை?

"ஒரிஜினல் அசில் குஞ்சு", "நூறு சதவீதம் ப்யூர் கருங்கோழி, தஞ்சாவூர் திருவாரூருக்குக் கொண்டுவந்து தருகிறோம்". கைப்பேசியில் படத்தோடு வரும் இந்த விளம்பரங்களில் ஒரு குஞ்சுக்குக் கேட்கிற விலையில், வாரச் சந்தையில் ஒரு வளர்ந்த கோழியே வாங்கிவிடலாம். வாங்குகிறவருக்கோ விற்பவர் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. இரண்டு மாதம் கழித்து, "இது அசிலே இல்லை, கிரிராஜா கலப்பு" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். "கால் கருப்பாத்தானே இருக்கு, அப்புறமென்ன?" என்று இன்னொருவர் கேட்பார். இருவரும் கோழியைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு கோழியைப் பார்த்து "இது தூய இனம் இல்லை" என்று உறுதியாகச் சொல்ல முடியும். "இது தூய இனம்தான்" என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது, எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சரி. அதற்கான காரணத்தை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இனம் என்பதற்கு இரண்டு நிபந்தனை

டெல்டாக்காரர்களுக்கு இனம் என்றால் என்னவென்று மாட்டை வைத்து நன்றாகவே தெரியும். உம்பளச்சேரிக் கன்று செம்பழுப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறத்துக்கு மாறும். நெற்றியிலும் காலிலும் வெள்ளை இருக்கும். காளையும் பசுவும் உம்பளச்சேரியாக இருந்தால் கன்றும் அதே அடையாளத்தோடு வரும், அதன் கன்றும் அப்படியே வரும். கோழிக்கும் இதே கணக்குதான்.

1. அந்தக் கூட்டத்துக் கோழிகள் உருவத்தில் ஒன்றுபோல இருக்க வேண்டும்.
2. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால், தலைமுறை தலைமுறையாக அதே உருவம் தவறாமல் வர வேண்டும்.

முதல் நிபந்தனையைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டாவதைக் குஞ்சு பொரித்த பிறகுதான் பார்க்க முடியும். விளம்பரப் படங்கள் எல்லாமே முதல் நிபந்தனையை மட்டும் காட்டி இரண்டாவதுக்கும் சேர்த்துக் காசு வாங்குகின்றன.

நம் ஊரில் "நாட்டுக்கோழி" என்று பொதுவாகச் சொல்வதற்குள் நாலு வகைச் சரக்கு கலந்து கிடக்கிறது:

1. பதிவான இனங்கள். கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபுவளப் பணியகம் இந்தியக் கோழி இனங்களைப் பதிவு செய்கிறது. கட்டுச்சேவலுக்குப் பேர்போன அசில், கருங்கோழி என்கிற கடக்நாத், தலச்சேரி, நிக்கோபாரி எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. அசிலின் சொந்த மண்ணாக ஆந்திரம், சத்தீஸ்கர், ஒடிசா ஆகியவற்றைப் பதிவேடு குறிக்கிறது.
2. வட்டார வகைகள். பெருவிடை, சிறுவிடை என்று நாம் பிரிப்பவை. பெருவிடை உயரமும் எலும்பும் கொண்டது, அசில் சாயல் உள்ளது. சிறுவிடை கட்டையான உடம்பு, கொஞ்சம் தீனி, நன்றாக அடைகாக்கும்.
3. நிலையங்களில் உருவாக்கிய ரகங்கள். ஹைதராபாத்தின் வனராஜா, கிராமப்ரியா, பெங்களூரின் கிரிராஜா, நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி போன்றவை. பார்க்க நாட்டுக்கோழி மாதிரி பல வண்ணத்தில் இருக்கும்படி வேண்டுமென்றே உருவாக்கியவை இவை.
4. இவை எல்லாம் ஒன்றோடொன்று கூடிப் பிறந்த கொல்லைக் கோழிகள்.

டெல்டா கிராமங்களில் மேய்வதில் பெரும்பகுதி நாலாவது வகை. அது தரக்குறைவு என்று பொருள் இல்லை. மூன்றாவதை முதலாவது என்று சொல்லி விற்பதும், நாலாவதுக்கு முதலாவதன் விலை கேட்பதும்தான் சிக்கல்.

கொல்லைக்கு இத்தனை ரத்தம் எப்படி வந்தது

பஞ்சாரத்தில் ராத்திரி மட்டும் அடைத்து, பகலெல்லாம் திறந்துவிட்டு வளர்ப்பது நம் வழக்கம். சம்பா அறுவடை முடிந்தால் களத்தில் சிந்திய நெல்லுக்கும் வைக்கோல் போரடியில் உள்ள பூச்சிக்கும் நாலு வீட்டுக் கோழி ஒன்றாகத்தான் மேயும். பெட்டை யார் வீட்டுடையதானாலும், தெருவில் வலுத்த சேவல் எதுவோ அதுதான் அப்பன். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்றால் விரட்டவும் ஆள் கிடையாது.

அந்தச் சேவல்கள் வந்த வழி பல. மானியத் திட்டங்களில் கொடுத்த குஞ்சுகள் ஒரு வழி. கட்டுச்சேவல் வளர்ப்பவர்கள் கழித்துவிட்ட சேவல்கள் இன்னொரு வழி. யாரும் கணக்கில் எடுக்காத மூன்றாவது வழி, டிவிஎஸ் ஃபிஃப்டியில் கூடை கட்டிக்கொண்டு வருபவர் விற்கும் ரோஸ், பச்சைச் சாயம் போட்ட கலர் குஞ்சுகள். அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழிக் குஞ்சு பொரிப்பகங்களில் வேண்டாமென்று கழிக்கும் சேவல் குஞ்சுகள். பிள்ளைகளின் விளையாட்டில் தப்பிப் பிழைப்பது ஒன்றிரண்டு. சாயம் போய் வெள்ளைச் சேவலாகி, பெரிய சிவப்புக் கொண்டையோடு தெருவில் திரியும். அங்கிருந்து லெகார்ன் என்கிற வெள்ளை முட்டைக்கோழி இனத்தின் ரத்தம் ஊருக்குள் இறங்குகிறது.

இந்த லெகார்ன் ரத்தத்துக்குத் தடயம் உண்டு. லெகார்னின் வெள்ளை மற்ற நிறங்களை அமுக்கும் தன்மை உடையது, ஆனால் முழுதாக அமுக்காது. அதனால் கலப்பில் பிறப்பது வெள்ளையாகவும், அங்கங்கே மை தெளித்த மாதிரி கருப்புப் புள்ளியோடும் வரும். அப்படி ஒரு பெட்டையைப் "பூப்போட்ட அசில்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம்.

இங்கே ஒரு முக்கியமான விவரம். சேவலின் விந்தைப் பெட்டை தன் முட்டைப்பாதையில் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை சேர்ந்தபின் சாதாரணமாக இரண்டு வாரம்வரை, சில சமயம் மூன்று வாரம்கூட கருவுள்ள முட்டை வரும். "நேத்துதான் அசில் சேவலோட விட்டேன்" என்று சொல்லி விற்கும் முட்டையில் பொரிவது முந்தின சேவலின் குஞ்சாக இருக்கலாம். விற்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் குஞ்சு கலப்பு.

கொண்டை: பொய் சொல்லத் தெரியாத உறுப்பு

அசில், பெருவிடை என்று சொன்னால் முதலில் கொண்டையைப் பாருங்கள். சேவல்கட்டு வட்டாரத்தில் இதைப் பூ என்பார்கள். அசிலுக்கு இருப்பது தாழ்ந்து, நெற்றியோடு ஒட்டி, மூன்று வரிசை மேடாக இருக்கும் கொண்டை. பட்டாணி வரிசை போன்றது என்பதால் ஆராய்ச்சியாளர்கள் பட்டாணிக் கொண்டை என்கிறார்கள். லெகார்ன் முதலான பல இனங்களுக்கும், கொல்லைக் கோழிகளில் பெரும்பாலானவற்றுக்கும் ரம்பம் போல் பல் வைத்த ஒற்றைக் கொண்டை.

பட்டாணிக் கொண்டைக்கான மரபணு ஒற்றைக் கொண்டையை அடக்கும். ஆகவே அசில் சேவலுக்கும் ஒற்றைக் கொண்டைப் பெட்டைக்கும் பிறந்த குஞ்சுகள் எல்லாமே ஏறக்குறைய பட்டாணிக் கொண்டையோடுதான் வரும். இங்கேதான் கண் ஏமாறுகிறது: பாதி ரத்தமே உள்ள குஞ்சு முழு அசில் மாதிரித் தெரியும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், கலப்பில் நடு வரிசை மட்டும் எழும்பி நிற்கும், பக்கத்து இரண்டு வரிசையும் மங்கலாக இருக்கும். தூயதில் மூன்றும் படிந்து சமமாக இருக்கும். ஆனால் வித்தியாசம் நூல் அளவுதான், ஆறு வாரக் குஞ்சில் அதைப் பார்த்து அடித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

எதிர்ப்பக்கம் இப்படி இல்லை. "அசில்" என்று விற்கும் கோழிக்கு ஒற்றைக் கொண்டை இருந்தால் அது தூய அசில் இல்லை, பேச்சே இல்லை. இதனால்தான் கட்டுக்கு விடாத சேவலுக்கும் சிலர் கொண்டையை அறுத்துவிடுகிறார்கள். அறுத்த கொண்டையில் வரிசை தெரியாது, வழவழப்பாக ஒரு தழும்பு மேடு மட்டும் இருக்கும். விரலால் தடவினால் தெரிந்துவிடும். கொண்டையும் தாடியும் அறுத்த சேவலை இனச்சேர்க்கைக்கு வாங்குவதென்றால், அதன் கூடப் பிறந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள்.

மற்ற அடையாளங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1. அசிலின் இறகு குட்டை, இறுக்கம். நெஞ்செலும்பின் மேல் இறகே இல்லாமல் சிவந்த தோல் தெரியும். கைக்கு உடம்பு கல் மாதிரி கனக்கும். இறகு பொசபொசவென்று இருந்தால் கலப்பு.
2. நின்றால் உடம்பு நெட்டுக்குத்தாக இருக்கும், வால் தாழ்ந்திருக்கும். கொல்லைக் கோழிக்கு முதுகு தரையோடு சமமாக, வால் தூக்கி நிற்கும். திண்டுக்கல் பக்கம் கண்காட்சி நடத்திக் கொண்டாடும் கிளிமூக்கு விசிறிவால் சேவல் அசிலிலேயே தனி வரிசை. அதை வைத்து மற்ற அசிலை அளக்கக்கூடாது.
3. கோடு கோடாக வரிபோட்ட இறகு அசிலில் வந்தால், எப்போதோ பிளைமவுத் ராக் போன்ற சீமை இனமோ அதிலிருந்து வந்த ரகமோ உள்ளே நுழைந்திருக்கிறது.
4. கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழியில், கழுத்தின் முன்பக்கம் அடியில் ஒரு சிறு இறகுக் குஞ்சம் இருந்தால் அதற்கு அந்த மரபணு ஒரு பக்கப் பெற்றோரிடமிருந்து மட்டுமே வந்தது. குஞ்சமே இல்லாமல் மொட்டையாக இருந்தால் இரண்டு பக்கமும் வந்தது. பார்த்தே மரபைச் சொல்ல முடிகிற அபூர்வமான இடம் இது.
5. இறகு நிறம் கிட்டத்தட்ட எதையும் நிரூபிக்காது. அசிலிலேயே கருப்பு, செவலை, வெள்ளை, பொறி எல்லாம் உண்டு.

கால் நிறத்தில் ஒரு எச்சரிக்கை. மஞ்சள் கால், மஞ்சள் தோலுக்கான மரபணு வீட்டுக் கோழிக்கு வந்தது நம் தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து என்று 2008இல் வந்த ஆய்வு காட்டியது. அந்த மஞ்சள் தீனியிலிருந்து சேரும் சாயம். பெட்டை தொடர்ந்து முட்டையிடும்போது அது முட்டைக் கருவுக்குப் போய், காலும் அலகும் வெளுக்கும். நல்ல முட்டைக்கோழியைக் "கால் வெளுத்திருக்கு, கலப்பு" என்று தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள். வெளுத்த கால் அந்தக் கோழி முட்டையிட்ட கணக்கைத்தான் காட்டுகிறது.

கருங்கோழி: கருப்பே ஏமாற்றும்

கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியின் இனம். அதன் கறிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் கருங்கோழி மோகம். டெல்டாவிலும் "கடக்நாத் பண்ணை" என்ற பலகைகளைப் பார்க்கலாம்.

கடக்நாத்தின் கருப்பு இறகோடு நிற்பதில்லை. தோல், கொண்டை, நாக்கு, எலும்பின் மேல்சவ்வு, உள்ளுறுப்புவரை கருமை பரவியிருக்கும். சந்தையில் பார்ப்பதானால், காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிக் காட்டுவதை ஏற்காமல் கோழியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி மூன்று இடம் பாருங்கள். அலகைத் திறந்தால் நாக்கும் மேல் அண்ணமும் கருப்பா, சிறகடியில் இறகை விலக்கினால் தோல் கருநீலமா, உள்ளங்கால் கருப்பா. கொண்டை ரத்த ஓட்டத்தால் கருஞ்சிவப்பாகத் தெரியலாம், அதை வைத்துத் தள்ள வேண்டாம். உள்ளங்காலும் நாக்கும் வெளுப்பாக இருந்தால் கலப்பு. முட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: கடக்நாத் முட்டை வெளிர் பழுப்பு. கருப்பு முட்டைப் படங்கள் எல்லாம் படங்கள்தான்.

இந்த மூன்றிலும் தேறிவிட்டால் தூயதா? இல்லை. 1911இலேயே இங்கிலாந்தின் பேட்சனும் பன்னெட்டும் இதை வேறொரு கருந்தோல் கோழியான சில்க்கியை வைத்துச் சோதித்து எழுதினார்கள். கருமை தோலுக்குள் பரவுவதற்கு ஒரு மரபணு உண்டு. அந்தக் கருமையைத் தடுக்கும் இன்னொரு மரபணுவும் உண்டு, அது பாலினக் குரோமோசோமில் உள்ளது. கோழியில் பெட்டை தன் அப்பனிடமிருந்து மட்டுமே அந்தக் குரோமோசோமைப் பெறும். சேவல் இருவரிடமிருந்தும் பெறும்.

இதை நம் கொல்லைக்குக் கொண்டுவருவோம். கடக்நாத் சேவலை, மஞ்சள் காலோ வெள்ளைக் காலோ உள்ள சாதாரணப் பெட்டையோடு சேர்த்தால்:

1. பிறக்கும் பெட்டைக் குஞ்சுகளுக்குத் தடுப்பு மரபணு வராது. அப்பனிடமிருந்து கருமை வரும். அவை நல்ல கருந்தோலோடு இருக்கும்.
2. சேவல் குஞ்சுகளுக்கு அம்மாவிடமிருந்து தடுப்பு மரபணு வரும். அவை வெளுப்பாகவோ திட்டுத்திட்டாகவோ வரும்.

பெட்டையைக் கருங்கோழி என்றும், கூடப் பிறந்த சேவலைக் கறிக்கும் விற்றுவிட்டால் வாங்கியவருக்குச் சந்தேகமே வராது. அம்மா கருங்கால் நாட்டுப் பெட்டையாக இருந்துவிட்டால் இரண்டு பாலுமே கருப்பாக வரக்கூடும். ஆகவே "பெட்டைக் குஞ்சு மட்டும்தான் இருக்கு" என்று சொல்லும் கருங்கோழி வியாபாரியிடம், அதே ஈட்டுச் சேவல் குஞ்சுகள் எங்கே என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி எந்தச் சான்றிதழையும்விடப் பயன்படும்.

குஞ்சைக் கேட்டால் தெரியும்

இப்போது இரண்டாவது நிபந்தனைக்கு வரலாம். ஓர் அசில் சேவலுக்குப் பட்டாணிக் கொண்டை மரபணு அப்பன், அம்மா இருவரிடமிருந்தும் இரட்டையாக வந்ததா, ஒருவரிடமிருந்து ஒற்றையாக மட்டும் வந்ததா என்று பார்க்க ஒரு வழி: ஒற்றைக் கொண்டை உள்ள சாதாரணக் கொல்லைப் பெட்டையோடு சேர்ப்பது.

சேவல் இரட்டையாக வைத்திருந்தால் ஒரு குஞ்சுகூட ஒற்றைக் கொண்டையோடு வராது. அந்த மரபணுவை ஒற்றையாக மட்டும் வைத்திருந்தால் ஒவ்வொரு குஞ்சும் ஒற்றைக் கொண்டையோடு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பத்துக் குஞ்சு பொரித்து பத்துமே பட்டாணிக் கொண்டை என்றால், கலப்புச் சேவல் அதிர்ஷ்டத்தில் தப்பித்திருக்கும் வாய்ப்பு 1024இல் ஒன்று. ஒரே ஒரு குஞ்சு ரம்பக் கொண்டையோடு வந்தாலும் முடிந்தது, அந்தச் சேவல் கலப்பு. அசில் சேவல், அசில் பெட்டை இரண்டும் தூயது என்று வாங்கி, அதில் நாலில் ஒரு குஞ்சு ஒற்றைக் கொண்டையோடு வந்தால் இருபக்கமும் கலப்பு என்று அர்த்தம்.

இந்தச் சோதனை கொண்டைக்கான ஒரு மரபணுவைத்தான் சோதிக்கிறது. உடம்பு, குணம், முட்டை, வளர்ச்சி எல்லாம் பல மரபணுக்களின் வேலை. அதனால்தான் கடைசியில் கேள்வி கோழியை விட்டு வளர்ப்பவரிடம் போகிறது. எத்தனை தலைமுறையாக அடைத்து வளர்க்கிறார், சேவல் எங்கிருந்து வந்தது, வேறு கோழி கலக்காமல் வேலி உண்டா. கம்பி வலைக்கு வெளியே நாலு கலப்புச் சேவல் மேய்கிற பண்ணையில் தூய இனம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தெரியாமல் வாங்கினால் என்ன ஆகும்

கறிக்கு வாங்குபவருக்குக் கலப்பு என்பதால் பெரிய நஷ்டம் இல்லை. வளர்க்க வாங்குபவருக்கு நாலு இடத்தில் இடிக்கும்.

முதலாவது, அடை. சிறுவிடையும் அசில் பெட்டையும் அடையில் உட்காரும், 21 நாளில் குஞ்சு இறக்கும். முட்டைக்கென்று பெருக்கிய இனங்களில் அந்தக் குணத்தைத் தேர்ந்து தேர்ந்து ஒழித்துவிட்டார்கள். லெகார்ன் ரத்தம் கூடிய கலப்புப் பெட்டை முட்டையிடும், உட்காராது. கடக்நாத்தும் அடைக்கு அவ்வளவாக உதவாது. "நாட்டுக்கோழி" என்று பத்துப் பெட்டை வாங்கி ஒன்றுகூட அடை உட்காராவிட்டால், அந்த வீட்டுக்குக் குஞ்சுக்குத் தனிச்செலவு. குருணையும் தவிடும் போட்டு நாலு பெட்டையில் குடும்பச் செலவைச் சமாளிக்கும் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, மறுதலைமுறை. வனராஜா, கிரிராஜா போன்றவை வெவ்வேறு வரிசைகளைச் சேர்த்து எடுத்த கலப்பின் பலனைத் தருபவை. அவற்றின் முட்டையைப் பொரித்தால் குஞ்சுகள் ஒன்றுபோல் இராது, தாயளவு முட்டையும் இராது. அதற்காக அந்த ரகங்களைக் குறை சொல்ல முடியாது, ஒவ்வொரு முறையும் புதிதாகக் குஞ்சு வாங்கும்படி அமைந்தவை அவை. பரேலி இசத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் அசில் கலப்பை நிர்பீக் என்றும், கடக்நாத் கலப்பை ஷ்யாமா என்றும் தனிப்பெயர் வைத்தே கொடுக்கிறது. கலப்பு என்று சொல்லி விற்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்றாவது, நோய். "ப்யூர் நாட்டுக்கோழிக்குச் சீக்கே வராது" என்பது விற்பனைப் பேச்சு. வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய்க்கு இனம் தெரியாது. முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஆர்.டி.வி.கே ஊசியும் அசிலுக்கும் வேண்டும், தெருக்கோழிக்கும் வேண்டும். பரம்பரைக் கோழி என்று ஊசியைத் தவிர்த்துவிட்டு ஒரே வாரத்தில் கூட்டையே வாரிக் கொட்டியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

நாலாவதை யாரும் பேசுவதில்லை. தூய்மை வெறியில் ஒரே சேவல், அதன் மகள், மகளின் மகள் என்று உள்ளுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். தூய இனம் வைத்திருப்பவர் அதே இனத்தில் உறவில்லாத சேவலை அவ்வப்போது மாற்ற வேண்டும். அதற்கும் நம்பகமான இரண்டாவது ஆள் வேண்டும். ஒரே ஒரு ஜோடியை வாங்கி "இனத்தைக் காப்பாற்றுகிறேன்" என்பது நடக்காத காரியம்.

வாங்கும்போது

1. குஞ்சைப் பார்க்காதீர்கள், பெற்றோரைப் பாருங்கள். இரண்டையும், நேரில். படம் கணக்கில்லை.
2. ஒரே ஈட்டுக் குஞ்சுகளை ஒன்றாகப் பாருங்கள். பத்தும் பத்து ஜாடையாக இருந்தால் அது கலப்பு.
3. பொரிக்க முட்டை வாங்குவதானால், பெட்டையை அந்தச் சேவலோடு மட்டும் அடைத்து மூன்று வாரம் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். அதற்கு முந்தின முட்டை சமையலுக்கு.
4. முடிந்தால் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள், கால்நடைப் பண்ணைகள் வழியாக வாங்குங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சந்தேகம் கேட்க அங்கே போகலாம். அங்கே கிடைப்பது இனமா, ரகமா என்பதைப் பெயரோடு கேட்டு வாங்குங்கள்.
5. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குஞ்சு இறக்க வேண்டாம். ஈரத் தரையில் எந்த இனமும் தேறாது. தை அறுவடைக்குப் பிறகு வாங்கினால் களத்துத் தீனியும் காய்ந்த தரையும் கிடைக்கும். அசில் பெட்டை முட்டைக்கு வர ஆறேழு மாதம் ஆகும், அதாவது ஆடி, ஆவணி வாக்கில். முதல் ஈட்டுக் குஞ்சுகளின் கொண்டை தெளிவாகும்வரை விற்றவரின் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.